ஈரலுக்கு ஆண் பெண் உண்டா?

சென்ற மாதம் திமிரியில் ஆற்காட்டு பஸ்ஸுக்காக நாம் நின்றுகொண்டிருந்தபொழுது, இராணிப்பேட்டைப் பக்கம் ஒரு தோல் ஷாப்பில் வேலை பார்க்கும் தோழர் ஒருவர் நம்மை ஒதுக்குப்புறமாக அழைத்துப் போய், குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒரு கேள்வி கேட்டார். “ஏங்க, ஆம்பளை ஈரலைப் பொம்பளைக்கு வைக்கலாமாங்க? ஒத்துக்குமா?” என்பது கேள்வி.

விஷயம் இதுதான். அவருடைய தமக்கைக்கு ஈரல் கெட்டுவிட்டது. இனி மருந்தில் தீராது, உறவில் யாராவது தன் ஈரலில் ஒரு பாகம் கொடுத்தால் பிழைக்க வைக்கலாம் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். தமக்கையின் புருஷன் திடகாத்திரமான ஆள். 70 கிலோவுக்குக் குறையாத உடம்பு. குடியில்லை. இரத்த வகையும் ஒத்திருக்கிறது. நம் தோழருக்கும் அதே இரத்த வகைதான். இப்படி இரண்டு ஆண்பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு நிற்க, அந்த வீட்டில் மூன்று மாதமாக நடக்கும் ஆலோசனை என்னவென்றால், அந்த அம்மாளின் மூத்த மகளைக் கொடுக்கச் சொல்லலாமா, அவளுக்கு இன்னும் கலியாணம் ஆகவில்லையே, வயிற்றில் தழும்பு இருந்தால் மாப்பிள்ளை வீட்டார் என்ன சொல்லுவார்கள், ஆகையால் தங்கைக்காரியைக் கேட்டுப் பார்க்கலாமா என்பதுதான். புருஷனைப் பற்றிப் பேச்சே எழவில்லை. ஏனென்று கேட்டோம். ஆண் ஈரல் உஷ்ணம், பெண் உடம்பு தாங்காது என்று யாரோ ஒரு பெரியவர் சொன்னாராம். ஜோசியரும் அதையே சொன்னாராம்.

நாம் வைத்தியர் அல்ல. பள்ளிக்கூடப் படிப்பும் நமக்கு அதிகமில்லை. ஆயினும் ஓர் உயிர் சம்பந்தப்பட்ட கேள்வியாதலால், தெரிந்தவர்களைக் கேட்டும் கிடைத்ததைப் படித்தும் நாம் தெரிந்துகொண்டதை வாசகர்கள் முன் வைக்கிறோம்.

ஈரல் என்பது வலது விலாவுக்குக் கீழே, ஏறக்குறைய ஒன்றே கால் முதல் ஒன்றரைக் கிலோ எடையில் இருக்கிறது. உடம்பிலுள்ள மற்ற எந்தப் பெரிய உறுப்புக்கும் இல்லாத ஒரு குணம் இதற்கு உண்டு. பாதிக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டாலும், மீதி நின்றது சில வாரங்களில் மளமளவென்று பெருத்து, சில மாதங்களில் ஏறக்குறையப் பழைய அளவுக்கு வந்துவிடுகிறது. கொடுத்தவர் வயிற்றிலும் வளருகிறது, வாங்கியவர் வயிற்றிலும் வளருகிறது. இந்தக் குணம் இருப்பதால்தான் உயிரோடு இருக்கும் ஒருவர் மற்றொருவருக்கு ஈரலில் பங்கு கொடுக்க முடிகிறது.

அமெரிக்காவில் ஸ்டார்சில் என்னும் டாக்டர் 1963-இல் முதன்முதலாக ஈரலை மாற்றி வைத்துப் பார்த்தார். அப்போது நோயாளிகள் பிழைக்கவில்லை. 1967-இல்தான் ஒரு சிறு பெண் குழந்தை ஓராண்டுக்கு மேல் உயிரோடிருந்தது. அவையெல்லாம் இறந்தவர்களின் ஈரல்கள். உயிரோடிருப்பவர் கொடுத்துப் பலித்தது 1989-இல், ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் நகரத்தில். கொடுத்தது தாய், வாங்கியது மகன், அதாவது பெண் ஈரல் ஆணுக்கு. 1993-இல் ஜப்பானில் பெரியவர் ஒருவருக்கு முதன்முதலாக அவ்விதம் வைத்தார்கள். கொடுத்தது மகன், வாங்கியது தாய், அதாவது ஆண் ஈரல் பெண்ணுக்கு. நம் தோழருடைய கேள்விக்கு ஜப்பான்காரர்கள் 30 வருஷத்துக்கு முன்பே பதில் சொல்லியிருக்கிறார்கள். அந்த மகன், “அம்மா, என் ஈரல் உஷ்ணம்” என்று சொல்லியிருந்தால் அது நடந்திருக்குமா?

நம் நாட்டில் முதலில் பலித்த ஈரல் மாற்று, 1998 நவம்பரில் டில்லியில் நடந்தது. குழந்தையோ நமக்குப் பக்கத்துக் காஞ்சிபுரத்துக் குழந்தை, வயது 20 மாதம். கொடுத்தது தகப்பன். அந்தக் குழந்தை வளர்ந்து டாக்டருக்குப் படித்து டாக்டராகியும் விட்டது. ஆகவே, ஆண் கொடுக்கக்கூடாது என்பதற்குத் தமிழ்நாட்டு அத்தாட்சியும் கிடையாது.

அப்படியானால் டாக்டர்கள் எதைத்தான் பொருத்தம் பார்க்கிறார்கள்? முதலாவது இரத்த வகை. இரண்டாவது ஈரலின் அளவு. மூன்றாவது கொடுப்பவரின் ஆரோக்கியம், அதிலும் ஈரலில் கொழுப்பு ஏறியிருக்கிறதா என்பது. நட்சத்திரம், கோத்திரம், ஜாதி ஆகிய எதற்கும் அந்தக் காகிதத்தில் இடமில்லை. ஆணா பெண்ணா என்று எழுதிக்கொள்ளுகிறார்களே தவிர, அதைக்கொண்டு யாரையும் தள்ளுவதில்லை.

இதில் அளவு என்பதைச் சற்று நிதானமாகக் கவனிக்கவேண்டும். வாங்குகிறவருடைய எடையில் நூற்றுக்கு 0.8 பங்காவது புதிய ஈரல் இருக்கவேண்டும் என்பது பொதுவான கணக்கு. 70 கிலோ உள்ள ஆணுக்குக் குறைந்தது 560 கிராம் வேண்டும். அவருடைய மனைவி 50 கிலோ என்றால் அந்த அம்மாளின் ஈரல் முழுவதுமே சுமார் ஒரு கிலோதான். ஆகையால் அந்த அம்மாளிடமிருந்து வலது பெரும்பாகத்தை, அதாவது பாதிக்கு மேல், எடுத்தால்தான் புருஷனுக்குக் காணும். அந்த அம்மாளுக்கு மிஞ்சுவது மூன்றில் ஒரு பங்கு அல்லது அதற்குச் சற்று அதிகம். அதற்கும் கீழே போகக்கூடாது என்று டாக்டர்களே எல்லை வைத்திருக்கிறார்கள். இப்பொழுது கணக்கைத் திருப்பிப் போடுங்கள். மனைவிக்கு வேண்டியது 400 கிராம். புருஷனிடம் இருப்பதோ ஒரு கிலோ 400 கிராம் அளவுக்கு. அநேக சமயங்களில் இடது சிறுபாகமே போதும். சிறு பாகம் எடுப்பது கொடுப்பவருக்கு ஆபத்துக் குறைந்த வேலை என்பது டாக்டர்கள் ஒப்புக்கொண்ட விஷயம்.

பெண் ஆணுக்குக் கொடுப்பதைவிட ஆண் பெண்ணுக்குக் கொடுப்பதே அளவிலும் லேசு, ஆபத்திலும் குறைவு என்று தராசு சொல்லுகிறது. ஆனால் நம் வீடுகளில் நடப்பதோ தலைகீழாக இருக்கிறது.

ஆண் பெண் வித்தியாசத்தால் எதுவுமே இல்லையா என்று கேட்கலாம். இதை நாம் மறைக்கவேண்டியதில்லை. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இறந்தவர்களின் ஈரலை வைத்த சில கணக்குகளில், பெண்ணின் ஈரலை ஆணுக்கு வைத்தால் பலன் சிறிது குறைவு என்று தெரியவந்தது. சிலர் பெண் ஈரல், பெண்களுக்குரிய சுரப்புநீர் இல்லாத உடம்பில் போய் உட்காருவதால் இருக்கலாம் என்று யூகித்தார்கள். பிறகு அதையே துருவிப் பார்த்தவர்கள், கொடுத்த பெண்கள் அதிக வயதானவர்களாயும், உருவத்தில் சிறியவர்களாயும், மூளையில் இரத்தக் கசிவால் இறந்தவர்களாயும் இருந்ததைக் கண்டு, அவற்றைக் கழித்துப் பார்த்தபோது வித்தியாசம் பெரும்பாலும் மறைந்துவிட்டது என்றார்கள். இன்னும் இதில் தர்க்கம் நடக்கிறது, நடக்கட்டும். ஆனால் ஒன்று கவனியுங்கள். அந்தச் சிறு சந்தேகமும் பெண் ஆணுக்குக் கொடுப்பதைப் பற்றியதே ஒழிய, ஆண் பெண்ணுக்குக் கொடுப்பதைப் பற்றியது அல்ல. நம் ஊர்ப் பெரியவருக்குச் சந்தேகம் வரவேண்டுமானால் அந்தப் பக்கத்தில் அல்லவா வந்திருக்கவேண்டும்? மனைவி கொடுக்கும்போது வராத சந்தேகம், புருஷன் கொடுக்கவேண்டும் என்றதும் மட்டும் எங்கிருந்து வருகிறது?

பெண் ஈரல் வைத்துக்கொண்டால் ஆண்மை போய்விடுமோ, பெண் குணம் வந்துவிடுமோ என்று பயப்படுகிறவர்களும் உண்டு. கறிக்கடையில் கிடாயா பெட்டையா என்று கேட்டுக் கேட்டு வாங்கின பழக்கம் ஆஸ்பத்திரி வரைக்கும் கூடவே வந்துவிடுகிறது போலும்! உண்மை என்னவென்றால், ஆணுடைய உடம்பிலும் பெண்களுக்குரிய சுரப்புநீர் கொஞ்சம் உண்டு. அதை அவ்வப்போது கரைத்து வெளியேற்றுவதில் ஈரலுக்குப் பெரும் பங்கு உண்டு. சாராயத்தால் ஈரல் சுருங்கிப்போன ஆண்களில் பலருக்கு மார்பு பெருத்து, ஆண்மை குன்றுவது இதனால்தான். நல்ல ஈரல் வந்தபிறகு அது சீர்படத் தொடங்குகிறது. வந்தது பெண்ணின் ஈரலாயிருந்தாலும் அப்படியே. மீசைக்காரரின் ஆண்மையைக் கெடுத்தது அவருடைய சொந்த ஆண் ஈரல், அதைத் திருப்பிக் கொடுத்தது மனைவியின் பெண் ஈரல் என்றால், பயப்படவேண்டியது எதற்கு?

நிற்க. இந்த ஐயத்தைக் கிளப்புகிறவர்கள் எல்லோரும் பக்திமான்கள். யானைத் தலை பிள்ளை உடம்பில் ஒட்டிக்கொண்டது என்பதை இவர்கள் நம்புகிறார்கள். அங்கே இரத்த வகை யாரும் கேட்டதில்லை. பாதி உடம்பு ஆண், பாதி உடம்பு பெண் என்று ஒரு சாமியைச் செய்து வைத்துக் கற்பூரம் கொளுத்துகிறார்கள். நம் பக்கத்துப் படவேட்டு அம்மன் கதை இன்னும் விசேஷம். தகப்பன் சொல் கேட்டுப் பெற்ற தாயின் தலையை மகன் வெட்டினானாம். மறுபடி உயிர் கொடுக்கும்போது தாயின் தலையை வேறொரு பெண்ணின் உடம்பில் மாற்றி வைத்துவிட்டானாம். கூத்தில் விடிய விடிய இதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்ளுகிறவர்களுக்கு, தலை மாறினால் ஒத்துக்கொள்ளும், ஈரல் மாறினால் மட்டும் ஒத்துக்கொள்ளாது! அந்தக் கதையிலும் வெட்டச் சொன்னவன் ஆண், வெட்டினவன் ஆண், வெட்டுப்பட்ட இரண்டு பேரும் பெண்கள் என்பதை வாசகர்கள் கவனிக்கவேண்டுகிறோம்.

இனி நாட்டுக் கணக்கைப் பார்ப்போம். இந்திய சர்க்காருடைய உறுப்பு மாற்று அமைப்பு வெளியிட்ட விவரப்படி, 1995 முதல் 2021 வரையில் சிறுநீரகம், ஈரல் முதலிய எல்லாமாகச் சேர்த்து நடந்த உறுப்பு மாற்றுகள் 36,640. இவற்றில் பெண்களுக்கு நடந்தவை 6,945. மற்றவையெல்லாம், அதாவது 29 ஆயிரத்துக்கு மேல், ஆண்களுக்கு. வாங்கினவர்கள் கணக்கு இப்படி. கொடுத்தவர்கள் கணக்கோ வேறு. 2018 முதல் 2023 வரையில் உயிரோடிருந்து உறுப்புக் கொடுத்தவர்கள் 56,509 பேர். அவர்களில் பெண்கள் 36,038 பேர். அதே காலத்தில் உறுப்புப் பெற்ற பெண்கள் 17,041 பேர் மட்டும். மூன்று பேர் கொடுத்தால் இருவர் பெண்கள். மூன்று பேர் வாங்கினால் ஒருவர்கூட முழுசாகப் பெண் அல்ல.

ஆண்கள்தானே அதிகம் குடிக்கிறார்கள், ஆகையால் ஆண்களின் ஈரல்தான் அதிகம் கெடுகிறது, வாங்குகிறவர்களில் ஆண்கள் அதிகமிருப்பது இயற்கைதானே என்று ஒருவர் சொல்லலாம். அதில் நியாயம் உண்டு. ஆனால் குடியால் கெடுவது ஈரல்; சிறுநீரகக் கணக்கிலும் பெண்ணே அதிகம் கொடுப்பதற்கும் ஆணே அதிகம் வாங்குவதற்கும் குடியைச் சாக்காகச் சொல்ல முடியுமா? ஈரல் விஷயத்திலும், தானே குடித்துக் கெடுத்துக்கொண்டதற்குக் குடிக்காதவளின் வயிற்றைக் கிழிக்கவேண்டியிருக்கிறது என்பது ஆண்களுக்குப் பெருமையான சமாதானமா?

கொடுப்பவருக்கு ஆபத்தே கிடையாது என்று நாம் சொல்லமாட்டோம். அது பெரிய ரண சிகிச்சை. ஏறக்குறைய 500 பேருக்கு ஒருவர் உயிரிழக்கக்கூடும் என்பது உலகத்தில் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. பல வாரம் வேலைக்குப் போக முடியாது. “சம்பாதிக்கிற ஆம்பளை படுத்துவிட்டால் குடும்பம் என்னாவது?” என்று கேட்கிறார்கள். இதுதான் உண்மையான காரணம். உஷ்ணமும் ஜாதகமும் இதை மூடிவைக்கும் துணி. சரி, அந்த அம்மாள் வீட்டில் என்ன சும்மாவா இருந்தாள்? விடியுமுன் எழுந்து தண்ணீர் பிடித்து, சோறாக்கி, செருப்புக் கம்பெனி பஸ்ஸைப் பிடித்து, நாள் முழுதும் மேல்தோல் தைத்துவிட்டு வந்து மறுபடி அடுப்பெரித்தவள் அல்லவா? அதற்குச் சம்பளச் சீட்டு பாதிதான் உண்டு, மீதிப் பாதிக்குச் சீட்டே கிடையாது என்பதால் அது உழைப்பில்லாமல் போய்விடுமா?

இங்கே நம் குற்றத்தையும் சொல்லிவிடுகிறோம். சில வருஷங்களுக்கு முன், நமக்கு வேண்டிய ஒரு குடும்பத்தில் புருஷனுக்கு மனைவி ஈரல் கொடுத்தாள். இருவரும் பிழைத்து வந்தார்கள். ஊரில் ஒரு கூட்டம் போட்டு அந்த அம்மாளுக்குத் துண்டு போர்த்தினோம். நாமும் மேடையேறித் தியாகம், தியாகம் என்று அரை மணி நேரம் பேசினோம். கைதட்டல் பலமாக இருந்தது. கூட்டம் முடிந்தபின், அந்த அம்மாள் நம்மிடம், “எங்க ஊட்டுக்காரருக்கு ரெண்டு தம்பி இருக்காங்க ஐயா. அவங்க ரத்தத்தை யாரும் டெஸ்ட்டே பண்ணல” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அரை மணி நேரத்தில் அந்த ஒரு கேள்வி நம் வாயில் வரவில்லை. சாவித்திரி கதையைப் பழித்துப் பேசின நாம், அன்று மேடையில் ஒரு புதுச் சாவித்திரியைச் செய்துவிட்டு இறங்கினோம். அந்தத் துண்டு நமக்கு இன்றும் உறுத்துகிறது.

சட்டம் இதை அறியாமலில்லை. 1994-இல் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் வந்தது. அதன்படி 2014-இல் செய்த விதிகளில், கொடுப்பவர் பெண்ணாயிருந்தால் கூடுதல் ஜாக்கிரதை வேண்டும், அவளுடைய சம்மதம் சுயமானதுதானா என்பதை வாங்குகிறவர் அல்லாத வேறொருவரைக்கொண்டு உறுதி செய்யவேண்டும் என்று தனியாகவே ஒரு விதி இருக்கிறது. ஆணுக்கு அப்படி ஒரு விதி இல்லை. ஆண் கட்டாயப்படுத்தப்படுவான் என்று சட்டம் எழுதினவர்களுக்குத் தோன்றவில்லை. கொடுக்க ஒப்பியவர், கத்தி வைக்கும்வரை எந்த நிமிஷத்திலும் வேண்டாம் என்று சொல்லலாம் என்பதையும் பெண்கள் தெரிந்துகொள்ளவேண்டும். டாக்டரிடம் தனியாகச் சொன்னால், காரணத்தை வீட்டாருக்கு வெளிவிடாமல், உடம்பு தகுதியில்லை என்று சொல்லி அனுப்பிவிடும் டாக்டர்கள் உண்டு.

ஆனால் விதி என்ன செய்யும்? சார்-பதிவாளர் ஆபீசில் அக்காள் தங்கைகளை வரிசையாக உட்காரவைத்து விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பெண்ணுக்குச் சொத்தில் சமபங்கு வேண்டும் என்று 1929-இல் செங்கற்பட்டு மகாநாட்டில் தீர்மானம் போட்டு, 60 வருஷம் கழித்து 1989-இல் தமிழ்நாட்டில் அது சட்டமாயிற்று. சட்டமான பிறகும், “அண்ணனுக்கு விட்டுக்கொடுத்தேன்” என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போடுகிறார்கள். நிலத்தில் விட்டுக்கொடுக்கப் பழக்கப்பட்ட அதே கைதான் ஆஸ்பத்திரிக் காகிதத்திலும் கையெழுத்துப் போடுகிறது. இரண்டிலும் “மனப்பூர்வமாக” என்ற வார்த்தை அச்சாகியிருக்கும்.

பெண்ணுக்கு வைத்தியம் பிந்துவது நம் நாட்டில் மட்டுமல்ல. அமெரிக்காவில் 2002 முதல், இறந்தவர் ஈரல் யாருக்கு முந்திக் கொடுப்பது என்பதை இரத்தப் பரிசோதனையை வைத்து மார்க்குப் போட்டுத் தீர்மானித்தார்கள். அதில் ஒன்று, நம் ஜனங்கள் உப்பு என்று சொல்லும் கிரியாட்டினின். அது தசையிலிருந்து வருவது. பெண்ணுக்குத் தசை குறைவு, ஆகவே உப்பும் குறைவாகக் காட்டும். நோய் அதே அளவுக்கு முற்றியிருந்தாலும் பெண்ணுக்கு மார்க்குக் குறைந்து, வரிசையில் பின்னால் நின்று, பல பெண்கள் காத்திருந்தே செத்தார்கள். 2023-இல்தான் பெண்ணுக்கு 1.33 மார்க்குக் கூட்டிப்போட்டு அதைத் திருத்தினார்கள். இந்திய அமைப்பும் 2025 ஆகஸ்டில், காத்திருக்கும் பெண் நோயாளிகளுக்கு முன்னுரிமை கொடுக்கும்படி எல்லா மாகாணங்களுக்கும் எழுதியிருக்கிறது. நல்லதுதான். ஆனால் இந்த வரிசைகளெல்லாம் இறந்தவர் கொடுக்கும் உறுப்புக்கு. உயிரோடிருப்பவர் கொடுக்கும் விஷயத்தில் வரிசை வீட்டுக் கூடத்தில் அல்லவா போடப்படுகிறது? அங்கே மார்க்குப் போடுவது யார்?

ஆண் பெண் பொருத்தம் பார்த்துப் பெண்ணைச் சாகவிடுவது நம் வட்டாரத்திற்குப் புதிதல்ல. வேலூர்ப் பெரிய ஆஸ்பத்திரி எப்படி உண்டாயிற்று என்பது பலருக்குத் தெரிந்திருக்கும். 1890-களில் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டார், பிரசவத்தில் தவிக்கும் பெண்ணுக்கு உதவி கேட்டு ஒரு வெள்ளைக்கார டாக்டர் வீட்டுக்கு வந்தார்கள். டாக்டர் ஆண் என்றதும், ஆண் வந்து எங்கள் பெண்ணைத் தொடக்கூடாது என்று திரும்பிப் போய்விட்டார்கள். மூன்று பெண்களும் இறந்தார்கள். வந்தவர்களில் ஒருவர் பார்ப்பனர், ஒருவர் முஸ்லிம். ஜாதியிலும் மதத்திலும் எதிலும் ஒன்றுசேராதவர்கள் இந்த ஒன்றில் மட்டும் ஒன்றாயிருந்தார்கள். அந்த டாக்டரின் மகள் ஐடா ஸ்கடர் அதைப் பார்த்துத்தான், தானே டாக்டருக்குப் படித்து வந்து, வேலூரில் வைத்தியசாலை வைத்து, 1918-இல் பெண்களுக்கென்றே வைத்தியப் பள்ளிக்கூடமும் திறந்தார். அன்று ஆண் டாக்டர் கை பெண்மேல் படக்கூடாது என்றார்கள். இன்று எந்த ஆண் டாக்டர் தொட்டாலும் சரி, ஆண் உறவினன் ஈரல் மட்டும் உள்ளே வரக்கூடாது என்கிறார்கள்.

கேரளத்தில் 17 வயதுப் பெண் ஒருத்தி, உறவில் வேறு யாருக்கும் பொருந்தவில்லை என்றதும், தகப்பனுக்குத் தன் ஈரலைக் கொடுக்க முன்வந்தாள். 18 ஆகாதவர் கொடுக்கச் சட்டம் இடந்தராததால் உயர்நீதிமன்றம் வரை போய் 2022 டிசம்பரில் அனுமதி வாங்கினாள். 2023 பிப்ரவரியில் சிகிச்சை நடந்தது. அவளுடைய ஈரலில் கொழுப்பு இருந்தது. சாப்பாட்டை மாற்றி, தினம் தேகப்பயிற்சி செய்து, அதைக் கரைத்துக்கொண்டு போய்ப் படுத்தாள். அவளைப் பாராட்டாத பத்திரிகை இல்லை. நாம் அதில் எடுத்துக்கொள்ளுவது அந்தக் கொழுப்புச் சங்கதியைத்தான். “எனக்குக் கொழுப்பு ஈரல் என்று ஸ்கேனில் வந்துவிட்டது, ஆகையால் நான் தப்பினேன்” என்று மூச்சு விடுகிற அண்ணன்மார், புருஷன்மார் எத்தனை பேர்? லேசான கொழுப்பாயிருந்தால் சில மாத நடையிலும் சாப்பாட்டுக் கட்டுப்பாட்டிலும் கரைத்துவிடலாமே. அந்தப் பள்ளிக்கூடப் பெண்ணால் முடிந்தது, மூட்டை தூக்கும் ஆண்பிள்ளையால் முடியாதா?

நம் தோழரிடம் இவ்வளவையும் அந்த பஸ் ஸ்டாப்பிலேயே சொல்ல முடியவில்லை. “ஒத்துக்கும். முதலில் உங்கள் மாமாவை அழைத்துக்கொண்டு போய்ப் பரிசோதனை செய்யுங்கள். அவர் வராவிட்டால் நீங்கள் போங்கள்” என்று மட்டும் சொன்னோம். அவர் சற்று நேரம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, “மாமாகிட்ட நான் எப்படிங்க கேக்கறது?” என்றார். பஸ் வந்துவிட்டது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மாலை 5 மணிக்குத் திமிரியில் கூடும் நமது கூட்டத்தில் இந்த ஒரு விஷயமே பேசப்படும். அந்தத் தோழரும் தம் மாமாவை அழைத்து வருவதாகச் சொல்லியிருக்கிறார். வருகிற ஆண் தோழர்கள், தங்கள் தங்கள் இரத்த வகையையும் எடையையும் ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு வரும்படி கேட்டுக்கொள்ளுகிறோம்.